விற்றவன் கை விலகட்டும்

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் 2025 நவம்பர் 3ஆம் தேதி பார்லிமெண்டு அங்கத்தினர்கள் சிலர் கூடி ஒரு விநோதமான வழக்கைப் பற்றி விவாதித்தார்கள். விலை கொடுத்து வாங்கிய வீடியோ விளையாட்டை, அதை விற்ற கம்பெனியே பின்னொரு நாளில் இயங்காமற் செய்துவிடலாமா என்பதே அந்த வழக்கு. ஒரு லட்சம் கையொப்பங்களைத் தாண்டும் மனுவை விவாதத்துக்குப் பரிசீலிப்பது இந்நாட்டு மரபு. இந்த மனுவிலோ 1,80,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டிருந்தார்கள். வரி, வாடகை, வைத்தியம் ஆகிய கவலைகளுக்கு இடையே இத்தனை பேர் ஒரு விளையாட்டுக்காக அரசாங்கத்தின் கதவைத் தட்டினார்கள் என்றால், அதனைச் சிறுபிள்ளைகளின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சுக் கம்பெனி 2014 டிசம்பரில் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டுதான் இந்தக் கிளர்ச்சிக்கு மூலகாரணம். தனியாக விளையாடினாலுங்கூடக் கம்பெனியின் சர்வரோடு இணைந்திருந்தால்தான் அது இயங்கும். அந்தச் சர்வரை 2024 மார்ச் 31ஆம் தேதி கம்பெனி நிறுத்திவிட்டது. இணையத்தில் வாங்கியவர்களுக்கு மட்டுமன்றி, கடையிற் போய் டிஸ்க் வாங்கிப் பெட்டியோடு அலமாரியில் அடுக்கிவைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு அந்த விளையாட்டு அஸ்தமித்தது. அடுத்த மாதமே ராஸ் ஸ்காட் என்னும் அமெரிக்கர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய யூனியனில் அது திரட்டிய கையொப்பங்கள் பத்து லட்சம் என்ற வரம்பைக் கடந்தன; யூனியனை விட்டு விலகிய பிரிட்டனின் பிரஜைகளுக்கு அதில் கையொப்பமிடும் பாத்தியதை இல்லாமற்போகவே, அவர்கள் தங்களுக்கென்று தனி மனு எழுத வேண்டியதாயிற்று.

விளையாட்டை டிஸ்க்காகவோ கார்ட்ரிட்ஜாகவோ வாங்குவதையே நெடுங்காலமாக வழக்கமாகக் கொண்டவன் என்ற முறையில் என்னுடைய அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கின் மேல் எனக்கு விசேஷப் பிரேமை ஒன்றும் கிடையாது. ஆனால் கைக்கு வந்த பொருளுக்கு ஒரு சுதந்திரம் உண்டு. ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ உள்ள தமிழ்க் குடும்பம் ஒன்றில் அண்ணன் விளையாடி முடித்ததைத் தம்பி எடுத்துக்கொள்வான். தம்பியிடமிருந்து அது சித்தப்பா வீட்டுப் பையனுக்குப் போகும். அவனுக்கும் அலுத்த பிறகு பழைய விளையாட்டுகளை வாங்கி விற்கும் கடையை அடைந்து, புதிய விலை கொடுக்க முடியாத வேறொரு வீட்டுப் பிள்ளைக்குப் பாதி விலையில் கிடைக்கும். 1992இல் லண்டனில் பிறந்த சி.ஈ.எக்ஸ். என்ற கடை பல தேசங்களுக்குப் பரவியது இந்தச் சுழற்சியின் பலத்தினால்தான். 1982இல் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கென்று ஒலிநாடாவில் விற்ற விளையாட்டுகளில், நாடா கெடாமல் இருப்பவை இன்றும் ஓடுகின்றன என்றால், அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாததே காரணம்.

அந்தச் சுதந்திரம் இப்பொழுது படிப்படியாகச் சுருங்கி வருகிறது. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோ கன்சோலின் விலை, வெளியான போது, இங்கே ஏறக்குறைய 700 பவுண்டாக இருந்தது. அப்படியிருந்தும் அதில் டிஸ்க் போடும் பகுதி கிடையாது. வேண்டுமென்பவர் அப்போது இன்னும் 100 பவுண்டு கொடுத்துத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ சுவிட்ச் 2இன் விளையாட்டுகளிற் பல, கடையில் கார்ட்ரிட்ஜாகவே விற்கப்படினும், அவற்றுள் விளையாட்டு இராது. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டுமே இருக்கும். மறுபடியும் விற்கலாம் என்ற நன்மை அதற்கு உண்டுதான்; இறக்கித் தரும் சர்வர் என்றேனும் நின்றுபோனால் புதிதாக வாங்குபவன் கையில் எஞ்சுவது வெற்று அட்டை. பிரிட்டனின் பிரசித்தி பெற்ற ‘கேம்’ கடைகளும் பழைய விளையாட்டுகளை ஏற்றுக்கொள்வதை 2024 பிப்ரவரியோடு கைவிட்டன.

எனினும், டிஸ்க்கைக் காப்பாற்றிவிட்டால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று எண்ணுவது மயக்கம் என்பதையே தி க்ரூவின் முடிவு காட்டுகிறது. டிஸ்க் முழுசாக இருந்தது; உடைமைதான் இல்லை. நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடுத்தவன், வேலிக்கதவின் சாவியைத் தன் மடியிலேயே முடிந்துகொண்டு போவானாயின், அதனைக் கிரயம் என்று எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒப்புக்கொள்ளாது. விலையைப் பெற்றபின் விற்றவனுடைய ஆதிக்கம் விலகுவதே விற்பனையின் லட்சணம். முற்காலத்தில் அந்த விலகலைப் பொருளின் இயற்கையே நிறைவேற்றி வந்தது. இனி அதனைச் சட்டந்தான் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது.

கம்பெனிகளின் தரப்பையும் கேட்க வேண்டும். சர்வர் நடத்தச் செலவாகும்; விளையாடுவோர் தாமே சர்வர் நடத்தினால் தனிப்பட்டோரின் தகவல்களுக்கும் பாதுகாப்புக்கும் யார் பொறுப்பு என்பது தெளிவாகாது; கார்களின் பெயருக்கும் பாட்டுகளுக்கும் பெற்ற லைசென்ஸ் காலாவதியாகும் என்கிறார்கள். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், பிரிட்டனிலேயே ஆக்கப்பட்டு, பிரிட்டனின் சாலைகளையே களமாகக் கொண்ட ‘ஃபோர்ஸா ஹொரைசன் 4’ என்னும் விளையாட்டு இந்த லைசென்ஸ் காரணத்தால் 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட போது, முன்பே வாங்கியிருந்தவர்கள் தடையின்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். விற்பதை நிறுத்துவது வேறு, விற்றதை அழிப்பது வேறு. யூபிசாஃப்ட் கம்பெனியே, கிளர்ச்சி வலுத்த பின்னர், ‘தி க்ரூ 2’ விளையாட்டுக்கு இணையமின்றி இயங்கும் வசதியைச் செய்து கொடுத்தது. ஆகவே முடியாது என்பதைக் காட்டிலும் முன்கூட்டித் திட்டமிடவில்லை என்பதே பொருத்தமான வாசகம்.

பிரிட்டிஷ் அரசாங்கம் சட்டத்தைத் திருத்தும் உத்தேசமில்லை என்று சொல்லிவிட்டது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், டிஜிட்டல் பண்டமும் திருப்திகரமான தரமுள்ளதாய், விற்பவர் வர்ணித்தபடியே இருக்க வேண்டும் என விதிக்கிறது. ஆனால் எத்தனை ஆண்டுக்கு என்று அது வரையறுக்கவில்லை. அந்த மௌனத்திற்குள்தான் கம்பெனிகள் சௌகரியமாகக் குடியிருக்கின்றன.

இதில் பணத்தினும் பெரிய விஷயம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சான நூல்களின் பிரதிகள் லண்டனுக்கும் வந்து சேர்ந்தமையால், பழைய தமிழ் நூல்கள் பலவற்றைச் செயின்ட் பாங்க்ரஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் எடுத்துப் படிக்கலாம். பதிப்பித்தவர் மறைந்தார்; அச்சுக்கூடம் மறைந்தது; நூல் மறையவில்லை. விளையாட்டுகளின் கதியோ வேறு. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவிகிதம் இன்று விற்பனையில் இல்லை என்று ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023இல் கணக்கிட்டது. அவற்றில் எஞ்சியிருப்பவற்றைப் பெரும்பாலும் பாதுகாத்து வருபவர்கள், பழைய டிஸ்க்கையும் கார்ட்ரிட்ஜையும் தூக்கி எறியாத சாமானியர்களே.

ஆதலால் நான் கேட்பது மூன்றே காரியங்கள். இது விற்பனையா, லைசென்ஸா என்பதைப் பணம் வாங்குமுன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா மாகாணம் 2025 ஜனவரி முதல் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. சர்வரை நம்பி இயங்கும் விளையாட்டாயின், அது குறைந்தபட்சம் எந்தத் தேதி வரை நடக்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். நிறுத்தும் நாள் வரும்போது, வாங்கியவன் தன் வீட்டிலேயே இயக்கிக்கொள்ளும்படி அதைத் திருத்திக் கொடுக்க வேண்டும். அது இயலாதாயின் பணத்தைத் திருப்ப வேண்டும். 2024 ஆகஸ்டில் வெளியான ‘கான்கார்ட்’ என்னும் விளையாட்டு இரண்டே வாரத்தில் நிறுத்தப்பட்ட போது சோனி கம்பெனி வாங்கியோரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு வாரத்துக்குப் பின் கொடுக்க முடிந்த பணத்தை இரண்டு வருஷத்துக்குப் பின் ஏன் கொடுக்கலாகாது என்ற கேள்விக்குக் கம்பெனிகள்தாம் விடை கூற வேண்டும்.