உபதேசத்தைக் கைவிட்ட நிபுணர்

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காப்பதற்கென்று ஏற்பட்ட சங்கமொன்றில் 1928 முதல் பன்னிரண்டு வருஷ காலம் மனோதத்துவ நிபுணராக வேலை பார்த்த கார்ல் ராஜர்ஸிடம், முரட்டுப் பிள்ளை ஒருவனைப் பற்றி முறையிட்டுக்கொண்டு ஒரு தாய் வந்தாள். இளம் பிராயத்தில் அவள் அவனை வெறுத்து ஒதுக்கியதே அவனுடைய துஷ்டத்தனத்துக்கு ஆதிகாரணம் என்று நிபுணருக்குத் தெளிவாகிவிட்டது. அதை அவளுக்கும் உணர்த்திவிட வேண்டுமென்று, அவள் சொன்ன சங்கதிகளையே கோவைப்படுத்திப் பொறுமையாக எடுத்துக் காட்டிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. முயன்றோம், முடியவில்லை, நிறுத்திக்கொள்வோம் என்று அவர் சொல்ல, அதற்குச் சம்மதித்து வாசல் வரைக்கும் போனவள் திரும்பிப் பார்த்து, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை சொல்வதுண்டா என்று கேட்டாள். உண்டு என்றதும் மறுபடி நாற்காலியில் அமர்ந்து, கணவனோடு தான் படும் பாட்டையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். முன்பு அவள் ஒப்பித்த வறண்ட விருத்தாந்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அப்பொழுதுதான் ஆரம்பமாயிற்று, பலனும் கிட்டிற்று. தன் சாமர்த்தியத்தைக் காட்டும் ஆசை மட்டும் நிபுணருக்கு இல்லாவிட்டால், நோவு எங்கே இருக்கிறதென்பதை அறிந்த அந்த மனிதரையே வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் ராஜர்ஸுக்கு இதில்தான் உறுதிப்படலாயிற்று.

சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் 1902-இல், மதாசாரம் மிகுந்த குடும்பத்தில் பிறந்த இவர், பண்ணையில் வளர்ந்து, விவசாய சாஸ்திரம் பயின்று, பாதிரியாராக எண்ணி வேதசாஸ்திரக் கலாசாலையிலும் சேர்ந்து, பிறகே கொலம்பியா சர்வகலாசாலையில் மனோதத்துவத்துக்கு வந்தவர். பிரசங்க பீடத்துக்குத் தயாரானவர் உபதேசத்தையே துறந்தது விசித்திரந்தான்.

துக்கத்தைச் சொல்ல வாயெடுத்ததுமே புத்திமதியை நீட்டுகிற பந்துக்களுக்கு எந்தத் தேசத்திலும் குறைவில்லை. "அவரோடு வாழ்வதில் என்ன பயன்?" என்று ஒருத்தி கேட்டால், "பொறுத்துக்கொள்" என்றோ "விட்டு விலகு" என்றோ ராஜர்ஸ் சொல்லமாட்டார், அவளுடைய சலிப்பைத் தாம் புரிந்துகொண்ட அளவில் எடுத்துச் சொல்லி, அது சரிதானா என்று அவளையே தீர்மானிக்க விடுவார். சிகிச்சையாளர் வேஷமில்லாமல் இருக்க வேண்டும், எதிரில் இருப்பவரை நிபந்தனையின்றி மதிக்க வேண்டும், அவர் உலகத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று 1957-இல் எழுதிய கட்டுரையில் வற்புறுத்தினார். கிளிப்பிள்ளை வைத்தியம் என்று சிலர் பரிகசிக்கலாம். ஆனால் அது எவ்வளவு கடினம் என்பதற்கு அவருடைய ஒலிப்பதிவுகளே சாட்சி. முழுச் சிகிச்சையொன்றின் சம்பாஷணையைத் தட்டுகளில் பதிவு செய்து, 1942-இல் தம் நூலில் அப்படியே அச்சிட்டார். உபதேசமே செய்வதில்லை என்று நம்பியிருந்தவர்கள் தங்கள் பதிவுகளைக் கேட்டபோதுதான், தாம் எவ்வளவு தூரம் உபதேசிக்கிறோம் என்பதை அறிந்தார்கள்.

ஆயினும் இது சர்வரோக நிவாரணியல்ல. விஸ்கான்சினில் ஸ்கிஸோபிரீனியா நோயாளிகளிடம் இம்முறையைப் பரீட்சித்தபோது, சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை என்பதை, 1967-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட நூலே காட்டுகிறது.