வயிறு நிறைந்தால் போதுமா?

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. இந்த உண்மையை உணர்ந்துதான் 1920-ம் ஆண்டில் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பாடசாலையில் மதிய உணவு அளிக்கத் தொடங்கிற்று. 1956-ல் காமராஜரும், 1982-ல் எம்.ஜி.ஆரும் அதை மாகாணமெங்கும் பரப்பினார்கள். 2022 செப்டம்பர் 15-ந் தேதி நம் மதுரையிலேயே காலைச் சிற்றுண்டித் திட்டமும் ஆரம்பமாயிற்று.

இவ்வளவு பாடுபட்டு நிரப்பிய வயிற்றில் இப்போது வேறொன்று இடம் பிடிக்கிறது. திண்டுக்கல் சாலையிலுள்ள விளாங்குடி 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது, அதற்கப்பால் கிராமங்கள். ஆனால் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்களுக்கு நகரம், கிராமம் என்ற பேதம் கிடையாது. ஐந்து ரூபாய் போதும்.

வீட்டில் சுட்ட முறுக்கும் பலகாரந்தானே என்று சிலர் கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல. பிரேஸில் தேசத்துப் பேராசிரியர் கார்லோஸ் மொண்டேரோ வகுத்த பாகுபாட்டின்படி, தானியத்தைப் பிரித்தெடுத்த மாவு, எண்ணெய், சர்க்கரை இவற்றுடன் செயற்கை ருசியும் நிறமும் கூட்டி, ஆலையில் உருவாக்குவதே ‘மிகைப் பதன உணவு’.

அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தார் 20 பெரியவர்களுக்கு இவ்வகை உணவை இரண்டு வாரமும், இயல்பான உணவை இரண்டு வாரமும் கொடுத்துப் பார்த்தனர். சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் இரண்டிலும் சமமாகவே பரிமாறப்பட்டன. ஆயினும் ஆலை உணவை உண்டபோது அவர்கள் தினம் சுமார் 500 கலோரி அதிகம் உண்டு, ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள். இது 2019-ல் வெளியான முடிவு. பெரியவர்களே கையை நிறுத்த முடியாத பண்டத்தைச் சிறுவன் எப்படி நிறுத்துவான்?

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பாடசாலைக்குள்ளும், அதன் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி செய்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் ஐம்பத்தோராவது மீட்டரில் என்ன செய்வது? அங்கே காவல் நிற்க வேண்டியவர்கள் உபாத்தியாயர்களாகிய நாமும் பெற்றோருமே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அவித்த நிலக்கடலை, கொய்யா, எள்ளுருண்டை, சுண்டல் ஆகியவை நம் சந்தையிலேயே கிடைக்கின்றன. பிள்ளையின் கையில் காசு கொடுப்பதற்குப் பதில், அவற்றில் ஒரு பிடியைக் கொடுத்தனுப்புவோம். காலையில் பாடசாலை ஊட்டிய பலத்தை மாலையில் கடைவாசலில் இழக்க விடலாகாது.