ஒலிப்பெட்டியின் கதை – 9: பெட்டிக்கு எடை வேண்டுமா?

ஸ்பீக்கரின் கூம்புத்தாள் முன்னோக்கி நகரும்போது அதற்கு முன்னுள்ள காற்று நெருக்கப்படுவதும், அதே கணத்தில் பின்னுள்ள காற்று தளர்வதும் ஒரே அசைவின் இரு விளைவுகள். ஆகவே ஒரு தாளிலிருந்து எப்போதும் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு அலைகள் புறப்படுகின்றன. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர் அளவில் இருப்பதால் அங்கே இந்த முரண்பாடு அதிகம் தெரிவதில்லை. 100 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 மீட்டராக நீண்டுவிடுவதால், நான்கு அங்குல ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு முன்னே வரும் பின்பக்க அலை, முன்பக்க அலையை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிடுகிறது. பெட்டியில் பொருத்தாத ஸ்பீக்கரில் பாடகரின் குரல் கேட்கிறது, மிருதங்கத்தின் தாழ்சுரப் பக்கமான தொப்பி மட்டும் காணாமற்போகிறது என்றால் காரணம் இதுதான். பெட்டியின் முதற்கடமை இந்த இரண்டு அலைகளையும் பிரித்து வைப்பது. அதற்குக் காற்றுப் புகாமை வேண்டும், சுவர்கள் நெளியாமை வேண்டும். எடை வேண்டுமா என்பது தனிக் கேள்வி. ஃபோம் போர்டில் செய்யப்படும் பெட்டிகள் எழுப்புவதும் அந்தக் கேள்வியைத்தான்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் நீண்ட காலம் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. ஜெயங்கொண்டத்துக்கு வடக்கே, செம்மண்ணும் முந்திரித் தோப்புகளுமாகப் பரந்து கிடக்கும் ஆண்டிமடம் வட்டாரத்திலும், காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட்டுக்காரர் கொண்டுவந்து மரத்திலோ மூங்கிலிலோ கட்டியது கூம்புக் குழாயைத்தான். குழாயின் கழுத்தில் திருகப்படும் 'யூனிட்' எனும் சிறு உறுப்பில் அதிர்தகட்டின் பின்பக்கம் ஒரு சிறு மூடிக்குள் அடைபட்டிருப்பதால், அதற்குத் தனிப் பெட்டி தேவைப்படுவதில்லை. சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி தனக்குக் கிடைக்கும் மின்திறனில் 1 விழுக்காடு அளவையே ஒலியாக மாற்றுகிறது; விரிந்துகொண்டே போகும் குழாயோ அதைப் பல மடங்கு உயர்த்தி, ஓர் அகுஜா ஆம்ப்ளிஃபயரைக் கொண்டே பக்கத்து ஊர்வரை பாட்டைக் கொண்டுசெல்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை தாழ்சுரம்: கையால் தூக்கக்கூடிய அளவுள்ள குழாயில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏதும் மிஞ்சுவதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளை விலக்கின. கூம்புக் குழாய் கூடாது, பெட்டி வகை மட்டுமே என்று காவல்துறை அனுமதிகளில் நிபந்தனை இடப்படுவதும் பின்னர் வழக்கமாயிற்று. அதன்பின் மைக் செட் கடைகளில் தச்சரிடம் 'பாக்ஸ் அடிக்க'க் கொடுப்பது பெருகியது. 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் அடித்த அந்தப் பெட்டிகளை இரண்டு ஆள் சேர்ந்துதான் வண்டியில் ஏற்ற முடிகிறது. நல்ல பெட்டி என்றால் கனக்க வேண்டும் என்ற எண்ணம் ஊன்றியதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

அதே காலத்தில் வீடுகளில் வேறொரு மரபு இருந்தது. பழைய டேப்ரெக்கார்டரிலிருந்தோ தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்தோ கழற்றிய ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்து ஒட்டி, '4440 போர்டு' என்று ஊர்தோறும் அறியப்படும் சான்யோ நிறுவனத்தின் எல்ஏ4440 சில்லு கொண்ட சிறு ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் பாட்டுக் கேட்ட இளைஞர்கள் தமிழகமெங்கும் உண்டு. இதை விளையாட்டு என்று தள்ளிவிடுவது பிழையாகும். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் பணியாற்றிய ஹாரி ஓல்சன், ஒரே ஸ்பீக்கரைப் பல வடிவப் பெட்டிகளில் பொருத்தி அளந்து, 1951இல் வெளியிட்ட முடிவுகளில், மேடுபள்ளம் மிகக் குறைந்த ஒலியைத் தந்தது கோள வடிவம் என்றும், கூர்விளிம்புள்ள கனசதுரம் பின்தங்கியது என்றும் காட்டினார். விளிம்பில்லாத பரப்பில் ஒலியலை தடுக்கி மறுஒலிபரப்பாவதில்லை என்பது ஒரு காரணம். வளைந்த சுவர் உள்ளழுத்தத்தை நெளியாமல் தாங்குகிறது என்பது பானைக்கு உரிய கூடுதல் நன்மை. சுட்ட மண்ணின் சுவர் அரை அங்குலம்கூட இல்லாதபோதும் பானை திடமாக நிற்பது வடிவத்தாலேயன்றி எடையால் அன்று.

ஃபோம் போர்டைப் புரிந்துகொள்ள இந்தப் பானை நல்ல நுழைவாயில். அந்தப் பெயரில் தமிழ்நாட்டுக் கடைகளில் மூன்று வெவ்வேறு பொருள்கள் கிடைப்பதால் முதலில் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, பாலிஸ்டைரின் நுரையின் இருபுறமும் வழவழப்பான தாள் ஒட்டிய பலகை. படச்சட்டக் கடைகளிலும் கட்டட மாதிரி செய்வோரிடமும் காணப்படுவது. இரண்டாவது, பிவிசி நெகிழியை நுரைக்கச் செய்து வார்த்த 'சன் போர்டு'. பிளெக்ஸ் அச்சகங்கள் விளம்பரம் ஒட்டித் தருவதும், பள்ளிக் கண்காட்சிகளில் மாணவர் சுமந்து செல்வதும் பெரும்பாலும் இதுவே. மூன்றாவதான தெர்மாகோலுக்குத் தாள்தோல் கிடையாது. மணிமணியாக உதிரும் அதில் பெட்டி செய்ய முயல்வது வீண்வேலை.

தாள்தோல் உள்ள பலகையின் வலிமை அதன் அமைப்பில் இருக்கிறது. பலகை வளையும்போது ஒருபுறத் தாள் இழுபடுகிறது, மறுபுறத் தாள் நெருங்குகிறது. தாளை நீளவாக்கில் இழுத்து நீட்டுவது கடினம் என்பதால் பலகை வளைய மறுக்கிறது. நடுவிலுள்ள நுரைக்கு இரு தாள்களையும் விலக்கி நிறுத்துவதே வேலை. விமான இறக்கைகளுக்கும் இதே அடுக்குமுறை உண்டு. ஒலிபெருக்கித் துறைக்கும் இது புதிதன்று. இங்கிலாந்தின் லீக் நிறுவனம் 1961இல் வெளியிட்ட 'சாண்ட்விச்' ஒலிபெருக்கியில் கூம்பே பாலிஸ்டைரின் நுரையின் இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டிச் செய்யப்பட்டது. கூம்புக்குப் பொருந்திய உத்தி சுவருக்கும் பொருந்துமா என்று கேட்டால், பாதி பொருந்தும் என்பதே நேர்மையான விடை.

பாதி ஏன் என்பதைக் கணக்குக் காட்டும். பத்து லிட்டர் கொள்ளளவுள்ள, அதாவது உள்ளளவு 20, 20, 25 சென்டிமீட்டர் கொண்ட ஒரு பெட்டியை 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் எனும் மரநார்ப் பலகையில் செய்தால் எடை நான்கு கிலோவைத் தாண்டும். 5 மில்லிமீட்டர் சன் போர்டில் முக்கால் கிலோவுக்குள் அடங்கும். தாள்தோல் நுரைப்பலகையிலோ இருநூறு கிராம்கூட வராது. ஒரு சுவர் எவ்வளவு ஒலியைத் தடுக்கும் என்பதைப் பெரும்பாலும் அதன் ஒரு சதுர மீட்டர் எடையே தீர்மானிக்கிறது. எடை இருமடங்கானால் தடுப்பு சுமார் 6 டெசிபல் கூடும். இதை நிறைவிதி என்பர். அந்த விதிப்படி நுரைப்பலகை எம்டிஎஃப்பைவிட ஏறத்தாழ 26 டெசிபல் குறைவாகவும், சன் போர்டு ஏறத்தாழ 14 டெசிபல் குறைவாகவும் ஒலியைத் தடுக்கும். பெட்டிக்குள் சிக்கிய நடுச்சுரங்கள் சுவரைத் துளைத்து வெளியே கசிந்து, குரலை மங்கலாக்கும் குறை இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் நிறைவிதி எல்லாச் சுரங்களுக்கும் ஆட்சி செய்வதில்லை. ஒவ்வொரு சுவருக்கும் தட்டினால் ஒலிக்கும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. அதற்குக் கீழே உள்ள சுரங்களில் சுவரைக் கட்டுப்படுத்துவது எடையன்று, விறைப்பே. தாழ்சுர வேலையில் நுரைப்பலகை எதிர்பாராத அளவு நன்றாக நடந்துகொள்வதன் இரகசியம் இதுதான். சுவரின் நடுவே குறுக்காக ஒரு விலா ஒட்டி அதன் அகலத்தைப் பாதியாக்கினால் இயல்பதிர்வெண் இருமடங்குக்கும் மேலாகிறது. விலா ஒட்டிய நுரைப்பலகை, இயல்பதிர்வெண்ணில் விலா இல்லாத எம்டிஎஃப்புக்கு அருகில் வந்துவிடுகிறது. சன் போர்டு இந்த இடத்தில் சற்றுப் பின்தங்குவது கவனிக்கத்தக்கது: எடை கூடியும் விறைப்பு கூடாததால் அது இன்னும் தாழ்ந்த சுரத்திலேயே நடுங்கத் தொடங்குகிறது. ஆகவே அதற்கு விலாக்கள் நெருக்கமாக வேண்டும், அல்லது 10 மில்லிமீட்டர் பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பொருளில் தடிமன் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும்.

கனமே நலம் என்ற கொள்கையை ஒலிபரப்புத் துறையினரே ஒருமுறை ஐயுற்றதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். பிபிசியின் ஆய்வுத் துறையில் ஹார்வுட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில் மெல்லிய ஒட்டுப்பலகைச் சுவர்களின் உட்புறத்தில் தார் கலந்த தணிப்புப் பட்டைகளை ஒட்டி, தடித்த சுவர்களைவிடக் குறைந்த தொந்தரவு தரும் பெட்டிகளை உருவாக்கினர். இன்றும் விலை குறையாத எல்எஸ்3/5ஏ ஒலிபெருக்கி அந்த வழியில் வந்தது. தடித்த சுவர் நடுங்குவதில்லை என்பது உண்மையன்று; அது காது கூர்மையாக இருக்கும் நடுச்சுரப் பகுதியில் நடுங்குகிறது, ஒருமுறை தொடங்கினால் எளிதில் அடங்குவதுமில்லை. மெல்லிய சுவரின் நடுக்கம் கீழே இறங்குவதோடு, தணிப்புப் பட்டையால் விரைவில் அடக்கவும் படுகிறது. நுரைப்பெட்டி செய்வோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, இரண்டு பலகைகளை நெகிழ்வான பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் உத்தியை. சுவர் வளையும்போது நடுவிலுள்ள பசைப்படலம் பக்கவாட்டில் இழுபட்டு அதிர்வை வெப்பமாக்கிவிடுகிறது.

பசையைப் பற்றிய எச்சரிக்கை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. செருப்புக்கும் ரெக்சினுக்கும் பூசும் கரைப்பான் கலந்த மஞ்சள் பசையும், ஃபெவிக்விக் வகை உடனடிப் பசையும் பாலிஸ்டைரின் நுரையை அரித்து உருக்கிவிடும். தாள்தோல் பலகைக்குத் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே ஏற்றது, காயும்வரை குண்டூசியும் ஒட்டுநாடாவும் பிடித்துக்கொள்ளும். சன் போர்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளம்பர் பிவிசி குழாய்க்குப் போடும் சால்வன்ட் அதன் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு பலகைகளை ஒன்றாக்கிவிடுகிறது. தாள்தோல் பலகையின் தனிச்சிறப்பு மடிப்பில் இருக்கிறது: மேல்தாளையும் நுரையையும் கட்டர் கத்தியால் கீறி, அடித்தாளை மட்டும் விட்டுவிட்டால் அதுவே கீலாகிறது, ஒன்றரைச் சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கீறல்கள் இட்டால் பலகை வில்லாக வளையும். தச்சரால் எளிதில் செய்ய முடியாத வளைந்த சுவரை மாணவர் ஒருவர் ஒரு மாலையில் செய்துவிட முடிகிறது. பானை தந்த பாடத்துக்கும் இதுவே வழி.

ஸ்பீக்கரைத் தாங்கும் முன்பலகை மட்டும் விதிவிலக்கு. காந்தத்தின் எடை அங்கே தொங்குகிறது, திருகாணி நுரையில் பிடிப்பதில்லை. ஆகவே ஒட்டுப்பலகை வளையம் ஒன்றை உள்ளே ஒட்டி அதில் திருகுவதே முறை. பெட்டியின் தாழ்சுரத்தை நீட்டிக்கத் துளைக்குழாய் வைப்பதானால் இரண்டு அங்குல பிவிசி குழாய் போதும். மேலே சொன்ன பத்து லிட்டர் பெட்டியில், உள்விட்டம் 5 சென்டிமீட்டரும் நீளம் 10 சென்டிமீட்டரும் உள்ள குழாய், பெட்டியை ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸில் ஒலிக்கச் செய்யும். நீளத்தைப் பாதியாக்கினால் அது 82 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறும். ஆல்பர்ட் தூராஸ் 1930இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த ஏற்பாட்டின் விரிவு முந்தைய பகுதியில் வந்துவிட்டதால் இங்கே நிற்க வேண்டியதில்லை. துளைக்குழாய் இல்லாத மூடிய பெட்டியில் கசிவு இருக்கிறதா என்று அறிய, கூம்பை விரல்நுனிகளால் மெதுவாக அழுத்திவிட்டுப் பார்த்தால் போதும்: தாள் தயங்கித் தயங்கித் திரும்பினால் இணைப்புகள் இறுகியுள்ளன, சட்டென்று துள்ளினால் எங்கோ காற்று போகிறது.

ஆண்டிமடம் போன்ற ஊருக்கு எந்தப் பலகை உகந்தது என்பதில் ஒலியியலைவிட வானிலையும் கறையானும் அதிகம் பேசுகின்றன. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் எம்டிஎஃப் விளிம்புகள் ஊதிப் பிளக்கின்றன. ஒட்டுப்பலகை கறையானுக்கு விருந்து. தாள்தோல் பலகையின் தாள் நமுத்துப்போனால் அதன் விறைப்பு முழுவதும் போய்விடும் என்பதால் வண்ணமோ வார்னிஷோ பூசியே தீர வேண்டும். சன் போர்டு இந்த இரண்டு பகைகளுக்கும் அஞ்சாதது. அதன் பகை வெயில்: பிவிசி 80 டிகிரி அளவில் இளகத் தொடங்குவதால், சித்திரை நண்பகலில் மூடிய வண்டிக்குள் விட்ட பெட்டி கோணிப்போகலாம். இரு நுரைகளும் தீக்கு ஆகாதவை. பாலிஸ்டைரின் எளிதில் பற்றும், பிவிசி எரிந்தால் நச்சுப்புகை தரும். 4440 சில்லோ அலுமினியத் தகடு வைத்தும் கைசுடுமளவு கொதிப்பது. ஆம்ப்ளிஃபயரைப் பெட்டிக்குள் அடைக்காமல் வெளியே வைப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

சன் போர்டைப் புதிதாக வாங்கத் தேவையில்லாத காலங்களும் உண்டு. தேர்தலோ திறப்பு விழாவோ முடிந்தபின் கழற்றிப் போடப்படும் பலகைகள் தாராளமாகக் கிடைக்கும். வேட்பாளரின் கும்பிட்ட முகத்தை உட்புறமாகத் திருப்பி ஒட்டிவிட்டால் வெளிப்புறம் வெள்ளையாக அமையும், சின்னமும் மறையும்.

இந்தப் பெட்டிகள் மைக் செட்டுக்கு மாற்றாக மாட்டா. மூன்று அல்லது நான்கு அங்குல முழுவீச்சு ஸ்பீக்கர், அதாவது தாழ்சுரம் முதல் உச்சசுரம் வரை ஒரே கூம்பில் ஒலிப்பது, அதற்குச் சில வாட் மின்திறன், ஓர் அறை: இவ்வளவே அவற்றின் எல்லை. எட்டு அங்குல ஊஃபரைப் பொருத்தினால் கூம்பின் உதையில் பெட்டியே மேசைமேல் நகரத் தொடங்கும். அப்போது அடித்தட்டில் ஒரு செங்கல்லைக் கட்டிவைப்பவர், இவ்வளவு நேரம் தவிர்த்த எடையைப் பின்வாசல் வழியாக அழைத்துவருகிறார். ஊஃபருக்கு ஒட்டுப்பலகையும், குரல்பகுதிக்கு வளைந்த நுரைப்பலகையும் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதே அறிவுடைய ஏற்பாடு. அவ்வாறு பிரிக்கும்போது சுரங்களைப் பங்கிட்டு அனுப்பும் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் தேவைப்படுவதால், வரும் இதழில் அவற்றின் கணக்கு இடம்பெறும்.