ராத்திரி வைஃபையை ஆஃப் பண்ணணுமா? கம்ப்யூட்டரை 24 மணி நேரமும் ஓடவிட்டால் என்ன ஆகும்? முழு விளக்கம்

ராத்திரி பத்தரை மணிக்குப் பல வீடுகளில் நடக்கும் சின்னச் சண்டை இது. "படுக்கப் போறப்ப அந்த வைஃபை டப்பாவை ஆஃப் பண்ணுன்னு எத்தனை தடவை சொல்றது? கரண்ட் பில்லை யாரு கட்டுறது?" என்பார் அம்மா. "அடிக்கடி ஆஃப் பண்ணா கெட்டுப் போயிடும்மா" என்பான் மகன். அதே மகனின் அறையில் கம்ப்யூட்டர் மூன்று நாளாக ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தப்பு. ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரே மாதிரி பார்ப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு.

முதலில் கரண்ட் கணக்கு

1,000 வாட் மின்சாரத்தை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் ஒரு யூனிட். வீட்டு வைஃபை ரவுட்டர் சாதாரணமாக 5 முதல் 10 வாட் வரைதான் இழுக்கும். அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அதன் அதிகபட்சமே 12 வாட்தான்.

8 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு சுமார் 11.5 யூனிட். ராத்திரி 8 மணி நேரம் மட்டும் ஆஃப் செய்தால் மிச்சமாவது 4 யூனிட்டுக்கும் குறைவு. யூனிட்டுக்கு 4.80 ரூபாய் என்று போட்டால், இரண்டு மாதத்துக்கு 18 ரூபாய். ஒன்றரை டன் ஏசி மூன்று, நான்கு மணி நேரத்தில் இழுக்கும் கரண்ட் இது.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் கதை வேறு. யாரும் தொடாமல் சும்மா ஆன் ஆகி இருக்கும்போதே சிபியு 50, 60 வாட் இழுக்கும். மானிட்டர் ஒரு 20 வாட். மொத்தம் 80 வாட் என்றால், 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். அதையே தினமும் 4 மணி நேரம் மட்டும் பயன்படுத்தினால் 19 யூனிட். வித்தியாசம் 96 யூனிட். கேமிங் கம்ப்யூட்டர் என்றால் இன்னும் கூடும்.

லேப்டாப் சும்மா இருக்கும்போது 10 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். அதனால் பில்லில் பெரிதாகத் தெரியாது.

500 யூனிட் எல்லையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2024 நிலவரப்படி முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணத்தின்படி, 500 யூனிட்டைத் தாண்டியதும் 501 முதல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8.55 ரூபாய்.

அதோடு, 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு ஆரம்பப் படிகளில் கிடைத்த குறைந்த விலையும் கிடைக்காது. அதனால் 480 யூனிட்டில் நிற்க வேண்டிய வீடு, சும்மா ஓடும் ஒரு டெஸ்க்டாப்பால் 575-க்குப் போனால், கூடுதல் யூனிட்டுக்கான பணத்தோடு பழைய யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டி வரும். பில்லைப் பார்த்து ரவுட்டரை முறைப்பதற்குப் பதில், மகன் அறையின் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுதான் நியாயம்.

அடிக்கடி ஆன்-ஆஃப் செய்தால் கெட்டுப் போகுமா?

இது பழைய காலத்து ஹார்ட் டிஸ்க்குகளில் இருந்து வந்த பயம். உள்ளே தட்டு சுழன்று நின்று, மறுபடி சுழலும்போது தேய்மானம் ஏற்படும் என்பது உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் சுமார் 50,000 தடவை நின்று கிளம்புவதைத் தாங்கும் வகையில் தயாரிக்கப்படுகின்றன. தினமும் ஒரு தடவை ஆஃப் செய்தால் பத்து வருடத்துக்கு 3,650 தடவைதான். இப்போது வரும் எஸ்எஸ்டி-யில் சுழலும் பாகமே கிடையாது.

ஆக, தினம் ஒருமுறை ஷட் டவுன் செய்வதால் கம்ப்யூட்டர் கெட்டுப் போகாது. ஷட் டவுன் கொடுக்காமல் நேரடியாக சுவிட்சை அணைப்பதுதான் தப்பு. எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் பாதியில் நின்று கெட்டுப் போக அதுதான் காரணம்.

உண்மையான எதிரி: சூடு

எப்போதும் ஓடும் சாதனத்தைக் கெடுப்பது சூடு. ரவுட்டருக்குள்ளும் அடாப்டருக்குள்ளும் கெபாசிட்டர் என்ற சின்ன உருளைகள் இருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது எலக்ட்ரானிக்ஸ் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

நம் வீடுகளில் ரவுட்டர் எங்கே இருக்கிறது? டிவிக்குப் பின்னால், செட்டாப் பாக்ஸ் மேல், இல்லையென்றால் தூசி படாமல் இருக்க ஒரு துணி போர்த்தப்பட்டு. மே மாத வெயிலில் இது அடுப்பில் வைத்த மாதிரிதான். காற்றோட்டமான இடத்தில் மாட்டி, துணியை எடுத்துவிட்டால், ராத்திரி ஆஃப் செய்வதைவிட அதிக நாள் உழைக்கும்.

லேப்டாப்பை மெத்தை மேல் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது இதைவிட மோசம். காற்று போகும் வழி அடைபட்டுச் சூடு ஏறும். கீழ்ப்பக்கம் உப்பலாகத் தெரிந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு சார்ஜ் போடவே கூடாது. உடனே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.

இடி இடித்தால் ஆஃப் மட்டும் போதாது

ஏப்ரல், மே மாத கோடை மழையிலும், அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்குப் பருவமழையிலும் இடியால் ரவுட்டர் போன வீடுகள் ஏராளம். இதில் பலர் செய்யும் தப்பு, சுவிட்சை மட்டும் ஆஃப் செய்வது. மின்னலின் வேகத்துக்கு சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளி ஒரு தடையே இல்லை. பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் பாதுகாப்பு.

"எங்க வீட்ல ஃபைபர் லைன், மின்னல் வராது" என்று நினைப்பவர்களும் உண்டு. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அது மின்சாரத்தைக் கடத்தாது என்பது சரி. ஆனால் ஃபைபர் மோடத்தின் அடாப்டர் கரண்ட் லைனில்தானே செருகியிருக்கிறது? அந்த வழியாக வரும் அதிர்வு, ரவுட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் லேன் கேபிள் வழியாக மதர்போர்டு வரை போகலாம். எனவே அந்தக் கேபிளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும்.

இதையெல்லாம் இடி தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். தலைக்கு மேல் மின்னல் வெட்டும்போது ஓடிப்போய் பிளக்கைத் தொடக்கூடாது. ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய் ரவுட்டருக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

கரண்ட் போய்த் திரும்பி வரும் நேரமும் ஆபத்துதான். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் கம்ப்யூட்டருக்கு ஒரு யுபிஎஸ் இருப்பது நல்லது.

எப்போதும் ஆன் என்றால் ஹேக்கர்களுக்கு வசதியா?

2016-ல் மிராய் என்ற வைரஸ், ஆலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத ரவுட்டர்களையும் சிசிடிவி கேமராக்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அதனிடம் இருந்தது சுமார் 60 பொதுவான யூசர் நேம், பாஸ்வேர்டு பட்டியல்தான். அப்படிப் பிடித்த சாதனங்களை வைத்து அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பெரிய தளங்களே முடங்கின. தங்கள் வீட்டு கேமரா அந்தத் தாக்குதலில் பங்கெடுத்தது பலருக்குத் தெரியவே தெரியாது.

2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொரு வைரஸ் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் சாதனங்களில் நுழைந்திருப்பது தெரியவந்தது. அப்போது வீட்டு ரவுட்டர்களை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ கேட்டுக்கொண்டது.

அப்படியென்றால் தினமும் ஆஃப் செய்தால் பாதுகாப்பா? பாதி பலன்தான். மிராய் போன்றவை ரவுட்டரின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருப்பவை. ரீஸ்டார்ட் செய்தால் அழிந்துவிடும். ஆனால் பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும்.

கம்ப்யூட்டருக்கும் இதே நியாயம்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள். வாரக்கணக்கில் ஆஃப் செய்து வைத்து, அப்டேட் இல்லாமல் ஒருநாள் ஆன் செய்யும் கம்ப்யூட்டரும் பாதுகாப்பானது இல்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே இருப்பவர்கள் கம்ப்யூட்டரை 24 மணி நேரமும் இணையத்தில் விட்டு வைப்பது நல்லதில்லை.

ரவுட்டரை ஆஃப் பண்ணினால் எதெல்லாம் நிற்கும்?

18 ரூபாய் மிச்சம் பிடிக்கும் முன் இதை யோசிக்க வேண்டும். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தே மின்சாரம் வரும். அதனால் வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் வேலை செய்யும். ஃபைபர் இணைப்பில் வரும் லேண்ட்லைன் அப்படி இல்லை. மோடம் ஆஃப் ஆனால் போனும் செத்துவிடும்.

செல்போன் சிக்னல் சரியாக இல்லாத வீடுகளில் வைஃபை காலிங் மூலம்தான் பேச முடியும். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால் 108-ஐ எப்படி அழைப்பது? வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கேமராவில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளிலும் ரவுட்டர் ஆஃப் ஆனால் அந்தப் பார்வை போய்விடும். மெமரி கார்டில் பதிவு தொடர்ந்தாலும், அது நடந்து முடிந்த பிறகுதான் உதவும்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் ரவுட்டரை ஆன் செய்தே வைப்பதுதான் சரி. கரண்ட் போனாலும் சில மணி நேரம் ஓட, ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது.

கதிர்வீச்சு பயம் வேண்டுமா?

வைஃபை ரவுட்டர் வெளியிடும் ரேடியோ அலையின் ஆற்றல் சாதாரணமாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இத்தகைய பலவீனமான அலைகளால் உடல்நலம் கெடும் என்பதற்கு உறுதியான அறிவியல் ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

பிள்ளைகள் தூங்காமல் போன் பார்ப்பதுதான் கவலை என்றால், அதற்கு ரவுட்டரை அணைப்பது பாதி மருந்துகூட இல்லை. வைஃபை போனால் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுவார்கள். ஆஃப் செய்ய வேண்டியது பிள்ளையின் கையில் இருக்கும் போனைத்தான்.

ஷட் டவுன், ஸ்லீப், ரீஸ்டார்ட்: எது எப்போது?

ஸ்லீப்: மதியம் சாப்பிடப் போகும்போது, கடைக்குப் போகும்போது. ஒருசில வாட்தான் இழுக்கும். ஆனால் டெஸ்க்டாப்பில் கரண்ட் போனால் சேவ் செய்யாத வேலை போய்விடும்.

ஹைபர்நேட்: செய்துகொண்டிருந்த வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு ஆஃப் ஆகிவிடும். கரண்ட் போனாலும் கவலை இல்லை.

ஷட் டவுன்: ராத்திரி தூங்கும்போதும் ஊருக்குப் போகும்போதும்.

ரீஸ்டார்ட்: இதில்தான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 8-ல் இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி உண்டு. அது ஆன் ஆகி இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுவதுமாக நிற்பதில்லை. ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். முழுதாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான். தினமும் ஷட் டவுன் செய்தும் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதென்றால், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம்.

இன்றே செய்ய வேண்டியவை

* ரவுட்டரை ஆன் செய்தே வைக்கலாம். மாதம் ஒருமுறை ஆஃப் செய்து, அரை நிமிடம் கழித்து ஆன் செய்தால் போதும்.
* ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. ஒன்று வைஃபைக்கு, இன்னொன்று ரவுட்டரின் செட்டிங்ஸுக்கு. பலரும் மாற்றாமல் விடுவது இரண்டாவதைத்தான். முதலில் அதை மாற்றுங்கள்.
* செட்டிங்ஸில் ரிமோட் மேனேஜ்மென்ட் ஆன் ஆகி இருந்து, அது தேவையில்லை என்றால் ஆஃப் செய்யுங்கள்.
* கம்ப்யூட்டர் 15 நிமிடம் சும்மா இருந்தால் தானாக ஸ்லீப் போகும்படி வையுங்கள்.
* சிசிடிவி ரெக்கார்டர் எப்போதும் ஓட வேண்டியது. அதை ஆஃப் செய்ய வேண்டாம். பாஸ்வேர்டை மட்டும் மாற்றுங்கள்.
* ஊருக்குப் போகும்போது, கேமரா இல்லாத வீடு என்றால் எல்லாவற்றையும் பிளக்கோடு கழற்றிவிட்டுப் போகலாம்.

கடைசியில் அந்த பத்தரை மணிச் சண்டைக்குத் தீர்ப்பு இதுதான்: ரவுட்டர் விஷயத்தில் மகன் ஜெயித்தார், காரணம் மட்டும் தப்பு. கரண்ட் பில் விஷயத்தில் அம்மா ஜெயித்தார், கை காட்டிய பெட்டி மட்டும் தப்பு.