அறுபது ஆண்டு உறங்கிய தேறல்

பாலைக் கறந்த அன்றே காய்ச்சவேண்டும். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துப்போம். உண்பன, பருகுவனவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காலமே பகை. ஆயின், காலத்தைத் துணையாகக் கொள்ளும் பொருள்களும் சில உள. ஆயுர்வேத வைத்தியர் பழைய நெய்யைப் போற்றுவர். நம் பாட்டிமார் பழம்புளியைப் பானையிலிட்டுக் காத்துவருவர். அவ்வினத்தைச் சேர்ந்ததே போர்த்துக்கல் நாட்டின் ‘விண்டேஜ் போர்ட்’ என்னும் முந்திரிகைப் பழத் தேறல்.

தேறல் என்பது பழந்தமிழ்ச் சொல். தேறுதல் என்றால் தெளிதல். மண்டி அடியிலே படிய, மேலே தெளிந்து நிற்கும் மதுவே தேறல். மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்த தேறலைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். யவனர் கொணர்ந்த தேறலும் புறநானூற்றிலே பேசப்படுகின்றது. இக்கட்டுரை குடியைப் போற்ற எழுந்ததன்று. மது அருந்தாதவரும் அறிந்து சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று இத்தேறலின் வரலாற்றில் அடங்கியிருப்பதாலேயே இதனை எழுதலானேன்.

மலைச்சரிவிற் பிறப்பு

போர்த்துக்கல்லின் வடபகுதியில் டூரோ நதி ஓடுகின்றது. அதன் இருமருங்கும் செங்குத்தான மலைகள். பாறையை உடைத்துப் படிப்படியாகக் கட்டிய வரப்புகளிலே முந்திரிகைக் கொடிகள் வளர்கின்றன. 1703ஆம் ஆண்டில் ஏற்பட்ட மெத்துவென் உடன்படிக்கையின்படி, இங்கிலாந்து போர்த்துக்கேயத் தேறலுக்குப் பிரெஞ்சுத் தேறலிலும் குறைந்த தீர்வையை விதித்தது. அதனால் இம்மலைநாட்டு வாணிகம் தழைத்தது. 1756இல் பொம்பால் பிரபுவின் ஆட்சியில், எந்நிலத்தில் விளைந்ததைப் போர்ட் எனலாம் என்று எல்லை வகுக்கப்பட்டது. மனிதன் கட்டிய இந்தப் படிவயல்களை 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

பழங்களைக் கருங்கல் தொட்டியிற் கொட்டி, தொழிலாளர் வரிசையாக நின்று காலால் மிதித்துச் சாறெடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். இன்றும் சில தோட்டங்களில் அது கைவிடப்படவில்லை. சாறு நொதிக்கத் தொடங்கி, அதன் இனிப்பிற் பாதியளவு மதுசாரமாக மாறிய வேளையிலே, முந்திரிகையிலிருந்து வடித்த கடுமையான மதுசாரத்தை அதனுடன் கலப்பர். நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு என்பது ஏறத்தாழக் கணக்கு. உடனே நொதித்தல் நின்றுவிடும். எஞ்சிய இனிப்பு அப்படியே தங்கிவிடும். போர்ட்டின் இனிமைக்கும் வலிமைக்கும் இதுவே காரணம்.

பின்னர் அது பீப்பாவிற் புகும். நாம் நாள்தோறும் வழங்கும் ‘பீப்பா’ என்ற சொல் போர்த்துக்கேய மொழியின் ‘பீப்பா’வே என்பதை வாசகர் அறிவர். போர்ட் வாணிகத்தில் இன்றும் அளவு கூறுவது பீப்பாக் கணக்கிலேதான்.

எல்லா ஆண்டிலும் விண்டேஜ் போர்ட் பிறப்பதில்லை. மழையும் வெயிலும் ஒத்துவந்த ஆண்டுகளில் மட்டுமே வணிகர் அதனை அறிவிப்பர். பத்தாண்டில் மூன்று ஆண்டு அத்தகைய பேறு பெற்றாலே பெரிது. அத்தேறல் இரண்டு குளிர்காலம் மரத்திற் கிடந்து, வடிகட்டப்படாமலே போத்தலில் அடைக்கப்படும். அப்பொழுது அது நாவற்பழ நிறம். நாவிற் பட்டாலும் நாவற்காய் போலவே துவர்க்கும். இனி அதன் வேலை உறங்குவதே.

இருளில் நிகழும் மாற்றம்

போத்தலைப் படுக்கையாக வைத்து, மேற்புறத்தில் வெள்ளைச் சுண்ணத்தால் ஓர் அடையாளம் இடுவர். என்றேனும் இடம் மாற்றினால், அதே பக்கம் மேலே இருக்கவேண்டும் என்பதற்கே அந்த அடையாளம். உள்ளே நிறப்பொருளும் துவர்ப்புப் பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, அடிப்புறத்திலே படலமாகப் படிகின்றன. ஆண்டுகள் செல்லச்செல்லக் கருநீலம் சிவப்பாகிச் செங்கல் நிறமாகின்றது. துவர்ப்புத் தணிந்து மென்மை பிறக்கின்றது. பெரும்பாலும் இருபது ஆண்டுக்கு முன் இதனைத் திறப்பது பிஞ்சைப் பறிப்பது போன்றதாம்.

ஆயினும், மிகவும் பொறுத்தால் உயிர் போய்விடவும் கூடும். தக்கை இற்றுக் காற்றுப் புகுந்தால் எல்லாம் வீண். உள்ளே இருப்பது கனியா, சருகா என்று திறவாமல் அறிய வழியில்லை; திறந்தபின் மீண்டும் உறங்கவைக்கவும் வழியில்லை. உடையவரின் இடர்ப்பாடு இதுவே.

ஒரு மாலைப்பொழுது

வணிகர் பெரும்பாலார் அறிவித்த புகழ்மிக்க ஆண்டு 1963. அவ்வாண்டின் போத்தல் ஒன்றைத் திறக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். முதல்நாளே அதனை நிமிர்த்தி வைத்து மண்டியை அடியில் இறங்கவிடுவர். அறுபது ஆண்டுத் தக்கை தொட்டாலே உதிரும். ஆதலால் சிலர், பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கழுத்தைப் பற்றியிருந்து, பின்பு குளிர்ந்த ஈரத்துணியை அவ்விடத்திற் சுற்றுவர். கண்ணாடி நறுக்கென்று வெட்டுண்ணும். பிறகு கழுத்தின் பின்னால் மெழுகுதிரியை ஏற்றி, அதன் ஒளியில் மெல்லச் சாய்த்து வேறொரு பாத்திரத்தில் ஊற்றுவர். கலங்கலின் முதற்கீற்றுத் தெரிந்ததும் நிறுத்திவிடுவர்.

உடனே சுவைப்பவர் ஏமாற்றமடையக்கூடும். பூட்டிக்கிடந்த பெட்டகத்தைத் திறந்தாற்போன்ற புழுக்க நாற்றம். மூக்கைக் குத்தும் மதுசாரம். பழத்தின் வாசனை எங்கோ தொலைவில். இத்தனை ஆண்டு காத்தது இதற்குத்தானா என்று தோன்றும். பொறுமையற்றவர் அந்நிலையிலேயே தீர்ப்புக் கூறிவிடுவர்.

ஒரு மணி நேரம் செல்லட்டும். அடைபட்டிருந்த கெட்ட ஆவிகள் பறந்துவிடுகின்றன. உலர்ந்த முந்திரிகை, அத்திப்பழம் ஆகியவற்றின் மணம் எழுகின்றது. இரண்டாம், மூன்றாம் மணியில் மதுசாரத்தின் முனை மழுங்கித் தோடம்பழத் தோலும், கராம்பும், வறுத்த கொட்டையும் கலந்தாற்போன்ற மணம் விரிகின்றது. விழுங்கிய பின்னரும் இனிமை நாவில் நெடுநேரம் நிற்கின்றது. ஒரே போத்தல், ஒரே கிண்ணம், ஆயின் மணிக்கொரு முகம். இதிற் காற்றின் தொழில் பாதி. மெல்லப் பழகிக் கூர்மை பெறும் நாவின் தொழில் பாதி என்பதும் உண்மையே.

அடுத்தநாள் காலையிற் பார்த்தால், இத்துணை முதிய தேறல் பெரும்பாலும் சோர்ந்திருக்கும். மணம் மெலிந்து புளிப்புத் தலைகாட்டும். அறுபது ஆண்டு காத்துப் பெற்ற மலர்ச்சி ஒரு மாலைப்பொழுதின் அளவே.

யாருக்காக வைத்தார்கள்?

பிள்ளை பிறந்த ஆண்டின் போர்ட்டை வாங்கி வைத்து, 21ஆம் வயதிலே அவனுக்குத் திறந்து கொடுப்பது ஆங்கிலச் செல்வர் சிலரின் வழக்கமாயிருந்தது. ஒரு பீப்பா முழுவதையுமே வாங்கி வைத்தவரும் உளர். அது ஏறக்குறைய 700 போத்தலாகும். வாங்கி வைத்த தந்தையோ பாட்டனோ அந்நாள்வரை இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ‘தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்று நம் முன்னோர் சொன்னதும் இந்த உண்மையையே.

1963இல் அப்பழங்களை மிதித்த கால்களும், போத்தலில் வெள்ளை அடையாளமிட்ட கைகளும் பெரும்பாலும் இன்று ஓய்ந்திருக்கும். முகமறியாத ஒருவர் என்றோ ஒருநாள் சுவைப்பதற்காக அவர்கள் உழைத்தனர். அந்த உழைப்புக்கு அவர் செலுத்தக்கூடிய நன்றி ஒன்றே: முதல் மிடற்றிலே முகஞ்சுளித்து வைத்துவிடாமல், நண்பர் சிலரை அருகழைத்து, அத்தேறல் தன்னைத் தெரிவித்துக்கொள்ளச் சிலமணி நேரம் அமைதியாக இருந்துகொடுப்பதாகும்.