கிணற்று மேட்டுக்கு வரும் வெல்டிங் ஜெனரேட்டர்: கவனிக்க வேண்டியவை

விழுப்புரம் மாவட்டம் கண்டாச்சிபுரம் வட்டாரத்தில் விவசாயம் பெரும்பாலும் கிணற்றை நம்பியே நடக்கிறது. இது பாறைப் பாங்கான பூமி. அகலமான திறந்த கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும்தான் நெல்லுக்கும் கரும்புக்கும் மணிலாவுக்கும் தண்ணீர் தருகின்றன. கிணறு உள்ள இடத்தில் இரும்புச் சாமான் இருக்கும். இரும்பு இருந்தால் முறிவும் இருக்கும். மோட்டாரைத் தாங்கும் இரும்புச் சட்டம், நீர் ஏற்றும் குழாய், ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் கேசிங் குழாய், டிராக்டர் டிரெய்லர், கொழுக் கலப்பை, கேஜ் வீல் என்று ஆண்டுக்கு நாலைந்து முறையாவது வெல்டிங் வேலை வந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் கழற்றி ஊருக்குள் இருக்கும் பட்டறைக்குக் கொண்டு செல்ல எல்லாராலும் முடிவதில்லை. அதனால் இஞ்சினும் ஜெனரேட்டரும் ஒரே சட்டத்தில் பொருத்திய வெல்டிங் செட்டை வாடகைக்கு எடுத்து, வயலுக்கே வரவழைக்கும் வழக்கம் உண்டு. பயனுள்ள இயந்திரம்தான். ஆனால் புகை, மின்சாரம், நெருப்பு ஆகிய மூன்று ஆபத்துகளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. செட் வாடகைக்கு வந்தாலும் நிலம் விவசாயியுடையது. கிணற்றில் இறங்குபவர்கள் அவர் வீட்டு மனிதர்கள். எனவே செட் எங்கே நிற்கிறது, எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டியது அவர் பொறுப்பும் ஆகும்.

கிணற்று இணைப்பில் வெல்டிங் கூடாது

‘பம்ப் செட் இணைப்பு பக்கத்திலேயே இருக்கிறதே, அதில் மாட்டிக்கொண்டால் என்ன?’ என்று சிலர் கேட்பதுண்டு. விவசாய இணைப்பு நீர் இறைப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகம். அதற்குத் தனியே பணம் கட்ட நேரிடும். மின் கம்பியில் கொக்கி போட்டு எடுப்பது 135ஆம் பிரிவின்படி திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. கொக்கி போடும்போது உயிர் போகும் அபாயம் வேறு. ஆகவே இஞ்சின் செட்தான் முறையான வழி.

இஞ்சின் கரையில்தான் நிற்க வேண்டும்

முன்பு ஆயில் இஞ்சின் காலத்தில், நீர்மட்டம் கீழே போகப் போக, இஞ்சினைக் கிணற்றுத் திட்டில் இறக்கி வைத்து ஓட்டியவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தில் வெல்டிங் செட்டையும், தண்ணீர் இறைக்கும் சிறிய பெட்ரோல் இஞ்சினையும் கிணற்றுக்குள் இறக்குவது உயிருக்கே உலை வைத்துவிடும்.

இஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் சென்றதும் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்வதால், உடலுக்குப் பிராணவாயு கிடைக்காமல் போகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 1,600 பங்கு இருந்தால் 20 நிமிடத்தில் தலைவலியும் மயக்கமும் வரும். இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். 12,800 பங்கு இருந்தால் ஓரிரு நிமிடமே போதும். பெட்ரோல் இஞ்சினில் இந்த வாயு மிக அதிகம். டீசல் இஞ்சினில் குறைவு என்றாலும், காற்றோட்டமில்லாத கிணற்றில் அதுவும் ஆபத்தே.

கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பெரியவர்கள் சொல்லித் தந்த முறை. விளக்கு அணைந்தால் பிராணவாயு குறைவு என்று தெரிந்துகொள்ளலாம், இறங்கக் கூடாது. ஆனால் விளக்கு எரிகிறது என்பதால் காற்று நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடை விளக்கு காட்டாது. ஆளைக் கொல்லும் அளவு அந்த வாயு இருக்கும் இடத்திலும் விளக்கு நன்றாகவே எரியும். தீப்பிடிக்கும் வாயு தேங்கிய கிணறாக இருந்தால் விளக்கே வெடிக்கும் காரணமாகிவிடும்.

கிணற்றுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், பதற்றத்தில் அடுத்தவர் இறங்குவதும், அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவதும்தான் ஒரே கிணற்றில் பல உயிர்கள் போவதற்குக் காரணம். மேலிருக்கும் இஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்ணில் சொல்ல வேண்டும். விழுந்தவர் இடுப்பில் முன்பே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தபடியே தூக்கலாம். மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

எந்த இடத்தில் நிறுத்துவது?

செட்டை மேடான, சமமான, காய்ந்த தரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அல்லது கட்டை கொடுக்க வேண்டும். கிணற்று விளிம்பை ஒட்டி நிறுத்தக் கூடாது. அதிர்வில் மண் சரியலாம், புகையும் உள்ளே இறங்கும். வீட்டுக் கதவு, ஜன்னல், மாட்டுக் கொட்டகை ஆகியவற்றிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி இருக்க வேண்டும். காற்று வீசும் திசையைப் பார்த்து, புகை ஆட்கள் பக்கம் வராதபடி புகைக்குழாயைத் திருப்பி வைக்க வேண்டும். மழைக்குப் பயந்து மோட்டார் கொட்டகைக்குள் வைத்து ஓட்டுவது அறவே கூடாது.

வைக்கோல் போர், மணிலாக்கொடி, கரும்புச் சோகை, கீற்றுக் கொட்டகை ஆகியவை அருகில் இருந்தால் இடத்தை மாற்ற வேண்டும். வெல்டிங் பொறி 30 அடிக்கு மேலும் தெறித்து விழும். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரும் ஒரு கூடை மணலும் வைத்துக்கொள்ள வேண்டும். ஓடும் செட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. இஞ்சினை நிறுத்திவிட்டு மணலைக் கொட்ட வேண்டும். வேலை முடிந்து அரை மணி நேரம் ஒருவர் அங்கேயே இருந்து, பொறி எங்கும் கனன்று கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

டீசல் இருந்த டிரம்மையோ பூச்சிமருந்து டின்னையோ காலிதானே என்று வெல்டிங் செய்யக் கொடுக்கக் கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

ஈரமும் மின்சாரமும்

வெல்டிங் செட்டில் ராடு இரும்பைத் தொடாதபோது 60 முதல் 80 வோல்ட் வரை மின் அழுத்தம் இருக்கும். வீட்டு மின்சாரத்தைவிடக் குறைவு என்று எண்ணி அலட்சியம் செய்யக் கூடாது. வியர்த்த உடம்பும் ஈர வேட்டியும் சேற்றில் வெறுங்காலுமாக நிற்பவருக்கு இந்த அளவே உயிரை எடுக்கப் போதும். காய்ந்த தோல் கையுறை, ரப்பர் அடி வைத்த ஷூ, காலடியில் காய்ந்த பலகை ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும்.

கூடிய மட்டும் கிணற்றுக்குள் வெல்டிங் செய்வதையே தவிர்க்க வேண்டும். குழாயைச் செயின் பிளாக் வைத்து மேலே தூக்கி, கரையில் வைத்துப் பற்றவைத்து, மீண்டும் இறக்குவதுதான் முறை. அரை நாள் கூடுதலாகும் என்று பார்க்கக் கூடாது. நாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை குளிர்க் காய்ச்சலைக் கொண்டுவரும். அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், புகைக்கு எதிர்ப்பக்கம் நின்று வேலை செய்ய வேண்டும்.

எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, துருவைச் சுரண்டிய இரும்பில் கவ்வ வேண்டும். டிரெய்லரின் ஒரு மூலையில் கவ்விவிட்டு மறு மூலையில் பற்றவைத்தால், மின்சாரம் அச்சு வழியாகப் போய்ப் பேரிங் குண்டுகளில் குழி விழச் செய்யும். பம்ப், மோட்டார் சட்டங்களுக்கும் இது பொருந்தும். டிராக்டரில் வேலை என்றால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்கு, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தலும் நீரும் வரும். வெல்டர் 10 முதல் 12 எண் வரையுள்ள கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகமூடி அணிய வேண்டும். சாமானைப் பிடித்து உதவி செய்பவருக்கும் கண்ணாடி கொடுக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை அப்புறப்படுத்த வேண்டும்.

இயக்கும் முறை

கிளப்புமுன் ஆயில், டீசல், ஏர் கிளீனர், போல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பெல்ட்டில் ஓடும் செட்டாக இருந்தால் பெல்ட்டுக்கு மூடி இருக்க வேண்டும். தோளில் துண்டு போட்டுக்கொண்டோ, முந்தானையைத் தொங்கவிட்டோ அருகில் போகக் கூடாது.

இஞ்சினைக் கிளப்பியதும் மூன்று முதல் ஐந்து நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டு, பிறகு வெல்டிங்கைத் தொடங்க வேண்டும். நிறுத்தும்போதும் அதேபோல் சிறிது நேரம் சும்மா ஓடவிட்டு நிறுத்தினால் சூடு தணியும். சூடான இஞ்சினில் டீசலோ பெட்ரோலோ ஊற்றக் கூடாது.

சாதாரண 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் வரை வைக்கலாம். செட்டின் தகட்டில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் மட்டுமே தொடர்ந்து பற்றவைக்கலாம் என்று பொருள். மீதி 4 நிமிடம் சுருள் ஆற வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று விரட்டினால் சுருள் கருகிவிடும். ராடு ஈரமானால் பற்றில் ஓட்டை விழும். மழைக்காலத்தில் மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.

புயலுக்குப் பிறகு வரும் சோதனை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் மின் கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் இருளில் கிடந்தன. இதுபோன்ற நேரத்தில், வெல்டிங் செட்டில் உள்ள 230 வோல்ட் பிளக்கிலிருந்து வீட்டுக்கும் மோட்டாருக்கும் மின்சாரம் எடுக்கும் ஆசை எழுவது இயல்பு.

சேஞ்ச் ஓவர் சுவிட்சு இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் செட்டை இணைத்தால், மின்சாரம் வெளியே உள்ள கம்பிக்கும் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து, 230 வோல்ட்டை 11,000 அல்லது 22,000 வோல்ட்டாக ஏற்றும். கம்பியைச் சீர்செய்யும் லைன்மேன் உயிர் அதில் போகும். லைட்டுக்கு மட்டும் வேண்டுமானால் நல்ல ஒயர் கொண்டு நேராக இணைத்துக்கொள்ளலாம். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். சிறிய வெல்டிங் செட்டின் பிளக்கால் 5 குதிரைச் சக்தி மோட்டாரைக் கிளப்ப முடியாது. முயன்றால் இரண்டும் கெடும்.

வெள்ளத்தில் நனைந்த செட்டை வெளியில் காய்ந்ததும் ஓட்டிவிடக் கூடாது. சுருளில் ஈரம் தங்கியிருக்கும். எலக்ட்ரீசியனை அழைத்து மெக்கர் வைத்துப் பார்த்து, 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்தால்தான் இயக்க வேண்டும். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

பராமரிப்பு

இரண்டு மூன்று பேர் சேர்ந்து செட் வாங்கினால், யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று ஒரு நோட்டில் எழுதி வருவது நல்லது. கையேட்டில் சொன்ன மணிக்கணக்குப்படி ஆயில் மாற்ற அது உதவும். புழுதி மிகுந்த நேரத்தில் ஏர் கிளீனரைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். டீசல் டாங்கியின் அடியில் தங்கும் தண்ணீரையும் கசடையும் அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை கேபிளை முழுதும் விரித்துப் பார்க்க வேண்டும். கொட்டகையில் வைத்த கேபிளை எலி கடித்திருக்கும். தோல் உரிந்த இடத்தில் டேப் மட்டும் சுற்றி ஓட்டாமல், அந்தத் துண்டை மாற்றிவிட வேண்டும். ஹோல்டரின் காப்பு உடைந்திருந்தால் புதிது வாங்க வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

வேலை இல்லாத மாதங்களில் செட்டை அப்படியே போட்டு வைத்தால் காந்த சக்தி குறைந்து, பிறகு மின்சாரம் எழும்பாமல் போகலாம். மாதம் ஒருமுறை அரை மணி நேரம், சும்மா ஓட்டாமல் இரண்டு மூன்று பழைய இரும்பைப் பற்றவைத்துப் பார்க்க வேண்டும். சுமையில்லாமலே நெடுநேரம் ஓடும் டீசல் இஞ்சினில் கரி படியும்.

செட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் பணம் பேசுமுன், கேபிள், ஹோல்டர், பெல்ட் மூடி, சைலன்சர் ஆகிய நான்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்று பழுதாக இருந்தாலும் அந்தச் செட்டை வயலுக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.