வாடகை சைக்கிள் கடையும் ரயில் முன்பதிவும்

காலை மணி 10. ரயிலில் குளிர்சாதன வகுப்புக்கான தட்கல் முன்பதிவு தொடங்கும் நேரம். சின்ன காஞ்சிபுரத்து வீடொன்றில் ஒருவர் கைப்பேசியில் டிக்கெட் கேட்கிறார். அதே விநாடியில் நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் கேட்கிறார்கள். 2002 ஆகஸ்டில் இணையவழி முன்பதிவைத் தொடங்கிய ஐ.ஆர்.சி.டி.சி.யின் கணிப்பொறிகள் அத்தனை பேருக்கும் விடை சொல்லியாக வேண்டும். ஒருவருடைய பெயரும் வயதும் இன்னொருவர் திரையில் போய் விழவும் கூடாது. இத்தகைய அமைப்புகளில் பொதுவாகக் கையாளப்படும் ஓர் எளிய உத்தியை இங்கே பார்ப்போம்.

எந்த ரயிலில் எந்தப் படுக்கை காலி என்ற விவரமெல்லாம் தரவுத்தளம் என்ற பெரிய கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கேட்கும் நிரல் முதலில் அதனோடு ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். செய்திகள் போய்வர வேண்டும், கடவுச்சொல் சரிபார்க்கப்பட வேண்டும், நினைவகத்தில் இடம் ஒதுக்கப்பட வேண்டும். பல சமயம் கேள்விக்கு விடை காண ஆகும் நேரத்தைவிட இந்த முன்னேற்பாட்டுக்கு ஆகும் நேரமே அதிகம். ஒவ்வொரு கேள்விக்கும் புது இணைப்பு என்றால், கடைத்தெருவுக்குப் போய்வர ஒரு சைக்கிளை விலைக்கு வாங்கி, வந்ததும் உடைத்துப் போடுவது போலாகும்!

அதற்குத்தான் ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அருகே அப்படி ஒரு கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐந்து சைக்கிள்கள். வருபவர் ஒன்றை எடுத்துச் செல்வார். வேலை முடிந்ததும் திருப்பி விடுவார். அடுத்தவர் அதையே எடுப்பார். எல்லாம் வெளியே போயிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். நிரலிலும் இப்படியே: தொடக்கத்திலேயே ஐந்து இணைப்புகளை ஏற்படுத்தி ஒரு பட்டியலில் வைத்துவிடுகிறோம். எடுப்பதற்கு ஒரு செயல், திருப்புவதற்கு ஒரு செயல். அவ்வளவுதான் இணைப்புத் தொகுப்பு.

அவ்வளவுதானா? இங்கேதான் சிக்கல் வருகிறது. கணிப்பொறி ஒவ்வொருவர் கோரிக்கையையும் தனித்தனி வேலையோட்டமாக நடத்துகிறது. இதற்குத் தமிழில் இழை என்று பெயர். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இழைகளின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. கோர்வைச் சேலை நெய்யும் தறியில் நெசவாளரும் உதவியாளரும் ஒரே பாவின்மேல் மூன்று நாடாக்களை ஓட்டுகிறார்கள். ஒருவர் முறை முடியுமுன் மற்றவர் நாடாவை விட்டால் என்ன ஆகும்?

நம் கடையில் ஒரே ஒரு சைக்கிள் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் இரண்டு பையன்கள். முதல் பையன் எட்டிப் பார்க்கிறான்: ஒன்று இருக்கிறது. அவன் கை வைக்குமுன் இரண்டாமவனும் பார்க்கிறான்: ஒன்று இருக்கிறது. இருவரும் தத்தம் வாடிக்கையாளரிடம் அதே சைக்கிளின் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். பார்த்தல், எடுத்தல் என்ற இரண்டு செயல்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்ததுதான் காரணம். கணிப்பொறியில் இந்த இடைவெளி விநாடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே நிரலைச் சோதிக்கும்போது நூறு முறை ஒழுங்காக ஓடிவிட்டு, நெரிசல் நேரத்தில் மட்டும் தவறு தலைகாட்டும்.

இதைச் சிறு விஷயமென்று எண்ண வேண்டாம். தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் குறைந்தது ஆறு நோயாளிகள்மீது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் உயிரிழந்தனர். இயக்குபவர் விரைவாகத் திருத்தம் செய்தபோது, ஒரே சமயத்தில் ஓடிய வேலைகள் பொதுவான தகவல்களை முறை தவறிக் கையாண்டது காரணங்களுள் ஒன்று.

பரிகாரம் என்ன? கடைக்குப் பூட்டும் ஒரே சாவியும். சாவி கையில் உள்ளவனே பட்டியலைப் பார்க்கலாம், எடுக்கலாம். முடிந்ததும் சாவியைத் தந்துவிட வேண்டும். சைக்கிள் இல்லையென்றால் சாவியைப் பிடித்துக்கொண்டே நிற்கக் கூடாது. நின்றால், சைக்கிளைத் திருப்ப வந்தவர் உள்ளே நுழைவது எப்படி? சாவியைக் கொடுத்துவிட்டு உறங்க வேண்டும். சைக்கிள் திரும்பியதும் எழுப்புவார்கள். எழுந்தவன் மீண்டும் சாவி வாங்கி மீண்டும் பார்க்க வேண்டும், ஏனெனில் இடையில் வேறொருவன் எடுத்திருக்கலாம். இந்த மறுபார்வையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இவ்வகைக் கட்டுப்பாட்டுக்கு 1960-களின் தொடக்கத்தில் வழி வகுத்தவர் நெதர்லாந்து நாட்டு டைக்ஸ்ட்ரா. அவர் வைத்த பெயர் செமஃபோர். ரயில்பாதைக் கைகாட்டியின் பெயரேதான்.

சரி, ஐந்து போதுமா? ஐந்நூறு வைத்தால் என்ன? மணிக்கு 12 பேர் வந்து, ஒவ்வொருவரும் அரை மணி நேரம் ஓட்டினால், சராசரியாக வெளியே இருப்பவை 12 × ½ = 6 சைக்கிள்கள். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது. விநாடிக்கு 400 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 0.02 விநாடி இணைப்பை வைத்திருக்கின்றன என்றால் 400 × 0.02 = 8 இணைப்புகளே! சராசரிக்கு மேல் சிலவற்றைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பெருக்கினால் தரவுத்தளம் திணறும். போஸ்ட்கிரெஸ் என்ற இலவச மென்பொருள், நாம் மாற்றாதவரை, சுமார் 100 இணைப்புகளோடு நிறுத்திக்கொள்கிறது. 2019இல் அத்திவரதர் தரிசனம் நடந்த நாட்களிலும் கூட்டத்தை வரிசையில் நிறுத்தித்தானே உள்ளே விட்டார்கள்? எல்லோரையும் ஒரே நேரத்தில் விட்டிருந்தால் ஒருவரும் நகர்ந்திருக்க முடியாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சைக்கிளை எடுத்தவர் வழியில் விழுந்தாலும் சைக்கிள் கடைக்குத் திரும்ப வேண்டும். அதாவது வேலை பிழையில் முடிந்தாலும் இணைப்பைத் திருப்பும் வரி ஓடியே தீர வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகக் காணாமற்போய் ஒருநாள் கடை காலியாகிவிடும்.

அடுத்தது வேடிக்கையானது. ஒரே ஆளுக்கு இரண்டு சைக்கிள் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் வந்து ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவதற்காகக் காத்திருக்கிறார்கள். யாரும் தன்னுடையதை விடவில்லை. கடையில் சண்டை இல்லை, சத்தம் இல்லை; ஆனால் வேலையும் நடக்கவில்லை. ஐந்து நண்பர்களும் ஐந்து புளியங்கொட்டைகளுமாக உட்கார்ந்து இதை நடத்திப் பாருங்கள். பிறகு ஆறாவதாக ஒரே ஒரு கொட்டையைச் சேருங்கள். முடிச்சு தானே அவிழ்ந்துவிடும். ஏன் என்று கண்டுபிடிக்க முடிகிறதா?